பின்வாசலின் மூன்றாம் படி

திருச்சியில் இருக்கும் தோழி ஒருத்தி போன வாரம் கைப்பேசியில் குரல்செய்தி அனுப்பியிருந்தாள். பள்ளி விடுமுறைக்குக் கணவரோடும் மாமியாரோடும் கோலாலம்பூர் வருகிறாளாம். "ஷாப்பிங் மால் எல்லாம் எங்க ஊர்லயே இருக்கு. நீ கைடா இருந்தவதானே, மியூசியம், பழைய கட்டடம், அந்த மாதிரி ஒரு பட்டியல் போட்டு அனுப்பு" என்று உத்தரவு.

நானும் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். நான்கு பெயர் மளமளவென்று வந்தது. ஐந்தாவதை எழுதப் போய் நிறுத்திவிட்டேன். பேனாவை வைத்துவிட்டுக் காப்பி போட்டேன். காப்பி ஆறிப்போனதுதான் மிச்சம்.

மற்றவர்களுக்கு எப்படியோ, எனக்கு ஒவ்வொரு மியூசியத்துக்கும் ஒரு வாசனை உண்டு. லேக் கார்டன் பக்கத்துப் பெரிய மியூசியத்துக்குள் நுழைந்தால் தரைக்குப் போடும் மெழுகு. நாலு பஸ்ஸில் பள்ளிப் பிள்ளைகள் வந்து இறங்கிவிட்டால் அதோடு நாசி லெமாக் தேங்காய்ச்சோறும் சேர்ந்துகொள்ளும். கிள்ளானில் அரச குடும்பத்துப் பொருள்களை வைத்திருக்கும் பழைய வெள்ளைக் கட்டடத்தில் அந்துருண்டை. பழைய ரயில் நிலையத்தில் இரும்பும் எண்ணெயும் மழையும் கலந்த ஏதோ ஒன்று. கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் விட்டாலும் எங்கே நிற்கிறேன் என்று சொல்லிவிடுவேன். ஆற்றோரம் ஒரு சின்ன மியூசியம் இருந்தது. அதை நினைத்தால் மட்டும் எனக்குப் பாசி வாசனைதான் வருகிறது. சிமெண்டில் படிந்த பாசியைத் தேங்காய் நார் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவும்போது எழும் வாசனை. அந்த இடத்தைத்தான் ஐந்தாவதாக எழுதப் போனேன். அது இப்போது இல்லை என்பது பேனா தாளைத் தொட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது.

எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. சாலாக் செலாத்தானில் வீடு. தினமும் காலையில் பஸ் பிடித்து பிரிக்பீல்ட்ஸ் வருவேன். பூக்கடைக்கு மேல்மாடியில் இரண்டே அறைகள் கொண்ட ஒரு சுற்றுலாக் கம்பெனி. வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு முடிந்திருந்தது. கழுத்தில் தொங்கும் வழிகாட்டி உரிம அட்டையை வீட்டுக்குப் போகும் வழியில்கூடக் கழற்ற மாட்டேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் பார்க்கட்டும் என்று ஒரு சின்ன ஆசை.

மைக்கைப் பிடித்தால் எனக்கு வானொலிக் குரல் வந்துவிடும். வீட்டில் தம்பியிடம் "டேய், நவுரு" என்று பேசுகிறவள், பஸ்ஸில் ஏறியதும் "அன்பார்ந்த தாய்மார்களே, உங்கள் இடப்புறம் நீங்கள் காண்பது" என்று தொடங்குவேன். பயணிகளைப் பார்த்தபடி சாலைக்கு முதுகு காட்டி நிற்பதால் எனக்கு இடமும் வலமும் அடிக்கடி மாறிவிடும். நூறாண்டு பழமையான மணிக்கூண்டு என்று நான் உருகி உருகிச் சொல்ல, பஸ் முழுக்க எதிர்ப்பக்கம் திரும்பி ஒரு பெட்ரோல் நிலையத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஓட்டுநர் ஜோசப் அண்ணன்தான் கண்ணாடியில் பார்த்து, "இந்தப் பக்கம் லா" என்று மெதுவாகக் கையைக் காட்டுவார்.

ஜோசப் அண்ணன் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். அப்பா, சித்தப்பா எல்லோரும் ரயில்வே. இவர் மட்டும் பஸ்ஸுக்கு வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வேலை என்றால் விடியற்காலைப் பூசைக்குப் போய்விட்டுத்தான் வண்டியை எடுப்பார். பழைய ரயில் நிலையத்தைத் தாண்டும்போது எவ்வளவு அவசரமாக இருந்தாலும் வேகத்தைக் குறைப்பார். ஏன் என்று கேட்டதற்கு, அங்கே வேகமாகப் போனால் அப்பா திட்டுவார் என்றார். அப்பா இறந்து அப்போதே பல வருடம்.

ஒரு சனிக்கிழமை எங்களுக்குக் கிள்ளானுக்கு அப்பால் இருக்கும் காப்பாரிலிருந்து ஒரு குழு வந்தது. கோயில் மாதர் குழு. முப்பத்தெட்டுப் பெண்கள். பெரும்பாலும் செம்பனைத் தோட்டத்திலும் மீன் கொட்டகையிலும் தொழிற்சாலையிலும் வேலை செய்கிறவர்கள். அவர்களை ஒருங்கிணைத்தவர் கமலம் டீச்சர். பாலர் பள்ளி ஆசிரியை. முப்பத்தெட்டுப் பேரின் பெயரையும் தாளில் எழுதி, ஒவ்வொரு இடத்திலும் ஏற ஏறப் பென்சிலால் டிக் போடுவார். அவர் இருந்ததால்தானோ என்னவோ, நான் என் எண்ணிக்கையில் கொஞ்சம் அசட்டையாக இருந்துவிட்டேன். பஸ் முழுக்க மல்லிகைப் பூவும் தைலமும் இட்டிலி மிளகாய்ப்பொடியும் மணத்தன. ஆள் ஆளுக்கு எனக்கு ஊட்டிவிடாத குறை. "மிஸ், சாப்புடுங்க, பேசிப் பேசித் தொண்ட வறண்டிரும்" என்பார்கள்.

அன்றைய திட்டம் இதுதான். காலையில் பெரிய மியூசியம். அடுத்து ஆற்றோரத்துச் சின்ன மியூசியம். பிறகு மெர்டேக்கா சதுக்கத்து மரநிழலில் கட்டிவந்த சாப்பாடு. மதியம் பழைய ரயில் நிலையம், அரண்மனை வாசலில் குதிரைக் காவலர்களோடு ஒரு படம். கடைசியாகப் பிரிக்பீல்ட்ஸ் சேலைக் கடைகள். அந்தக் கடைசி இடத்துக்காகத்தான் பாதிப் பேர் வந்திருந்தார்கள் என்பது எனக்கும் தெரியும், டீச்சருக்கும் தெரியும்.

சின்ன மியூசியம் வெள்ளைக்காரர் காலத்து அலுவலகக் கட்டடம். பல வருடம் பாழடைந்து கிடந்ததைப் பழுதுபார்த்து மியூசியமாக்கியிருந்தார்கள். மேல்மாடியில் பழைய நாணயங்கள், தட்டச்சு இயந்திரங்கள், துரைமார்களின் தொப்பிகள், குடைகள். துரைமார்களின் பெயர்கள் எனக்கு மனப்பாடம். எந்தத் துரை எந்த வளைவை எந்த நாட்டுப் பாணியில் கட்டச் சொன்னார் என்று ஒரு மூச்சில் ஒப்பிப்பேன். அன்றும் ஒப்பித்தேன். முடித்துவிட்டு எல்லோரையும் வாசலுக்கு ஓட்டிக்கொண்டிருந்தபோது பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் என் கையைத் தொட்டார். நாற்பது வயதிருக்கும். காலையிலிருந்து அவர் பேசி நான் கேட்கவில்லை.

"மிஸ், அஞ்சே நிமிஷம். பின்னால போய் பாத்துட்டு வந்துர்றேன்."

கழிவறையைக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பின்பக்கம் ஒன்றும் இல்லை அக்கா, சதுக்கத்துக்குப் போனதும் இருக்கிறது, இப்போதே பத்து நிமிடம் தாமதம் என்றேன். குரலில் கொஞ்சம் வெடுக்கென்று இருந்திருக்கும். அவர் தலையாட்டிவிட்டு மற்றவர்களோடு நடந்தார்.

சாப்பிட்டோம். ரயில் நிலையத்துக்கு வந்தோம். வெள்ளைக் குவிமாடங்களைக் காட்டி, இதைக் கட்டிய பொறியாளர் யார் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது கமலம் டீச்சர் என் பக்கத்தில் வந்து நின்றார். தாளில் ஒரு பெயருக்கு மட்டும் டிக் இல்லை. அஞ்சலை. "பச்ச சேல" என்றார்.

அந்த நாளில் எல்லோர் கையிலும் கைப்பேசி கிடையாது. அஞ்சலை அக்காவிடம் நிச்சயமாக இல்லை. பக்கத்து இருக்கைக்காரர், சாப்பிடும்போது இருந்தாள் என்றார். இன்னொருவர், சாப்பிடவே இல்லை, பொட்டலத்தை என்னிடம் கொடுத்துவிட்டாள் என்றார். சதுக்கத்திலிருந்து கிளம்பும்போது டீச்சர் தாளைப் பார்த்து டிக் போடவில்லையா என்று எனக்குக் கேட்க வேண்டும்போல் இருந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையில், எண்ணுவது யாருடைய வேலை என்று அவருக்கும் கேட்க வேண்டும்போல் இருந்திருக்கும். இருவரும் கேட்கவில்லை. உண்மையில் அந்த நேரத்தில் எல்லோரும் ஐஸ் வாங்கப் போய், ஒரே நெரிசலாக ஏறியிருந்தோம்.

ஒரு வழிகாட்டி ஆளைத் தொலைப்பதைவிடப் பெரிய குற்றம் எங்கள் தொழிலில் கிடையாது. கழுத்து அட்டை போய்விடும், மாடியிலிருந்து முதலாளி என்னை இறக்கிவிடுவார், சாலாக் செலாத்தானில் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்றெல்லாம் ஓடியது. அந்த அக்காவுக்கு என்ன ஆனதோ என்பது நாலாவதாகத்தான் வந்தது. இதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் அந்த வரிசையில்தான் வந்தது.

பஸ்ஸைத் திருப்ப வேண்டுமென்றால் ஒருவழிச் சாலைகளைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். நடந்தால் சீக்கிரம். ஜோசப் அண்ணன், "நீ ஓடு, நான் இவங்கள ஏத்திக்கிட்டு எப்பிடியாவது வந்துர்றேன்" என்றார். நான் ஓடினேன். வானொலிக் குரலெல்லாம் போய், வெயிலில் வியர்த்து வழிய, எதிரில் வருகிறவர்களிடமெல்லாம் பச்சைச் சேலை பார்த்தீர்களா என்று தமிழிலும் மலாயிலும் கேட்டுக்கொண்டே சதுக்கத்துக்கு வந்தேன். காலையில் நான் பெருமையாகக் காட்டிய மணிக்கூண்டு இப்போது நேரத்தை மட்டும் காட்டியது. இரண்டேகால்.

ஐஸ் விற்றவர் இன்னும் அங்கேதான் இருந்தார். ஒரு அம்மா வழி கேட்டார், ஆற்றோரம் பழைய கட்டடத்தின் பின்பக்கத்துக்கு எப்படிப் போவது என்று கேட்டார் என்றார். பின்பக்கம் என்ற சொல் காதில் விழுந்ததும்தான் காலையில் என் கையைத் தொட்ட விரல்கள் எனக்கு ஞாபகம் வந்தன.

மியூசியத்தைச் சுற்றிப் பின்னால் போகும் சந்து எனக்கே அதுவரை தெரியாது. குப்பைத் தொட்டிகள், ஒரு கம்பிக் கதவு, அதற்கு அப்பால் ஊழியர்கள் வந்துபோகும் பின்வாசல். அங்கே நான் கண்ட காட்சி இது. அஞ்சலை அக்கா சேலையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு படியில் மண்டியிட்டிருந்தார். கையில் பிரஷ். மியூசியத்துக் காவலாளி, சீருடை போட்ட பெரியவர், பக்கத்தில் வாளியோடு நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அக்கா படியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. அனுமதி இல்லாமல் உள்ளே வந்ததற்கு ஒரு பெண்ணைப் பிடித்துப் படி கழுவ வைப்பதா என்று அந்த மனிதரை மலாயில் பிடிபிடியென்று பிடித்துவிட்டேன். உங்கள் அதிகாரியிடம் சொல்வேன் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு நான் முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு அக்காவைப் பார்த்தார், நீயே சொல் என்பதுபோல.

"அவர ஏசாத தங்கச்சி" என்றார் அஞ்சலை அக்கா. "அவருதான் பிரஷ் குடுத்தாரு. இங்க வந்து பாரு."

ஐந்து படிகள். மூன்றாவதின் ஓரத்தில், பாசி போன இடத்தில், ஒரு சின்னப் பாதம் பதிந்திருந்தது. இடது பாதம். குதிகால் ஆழமாக, ஐந்து விரலும் தனித்தனியாக. கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் விலகி. குழிக்குள் தண்ணீர் தேங்கியிருந்தது.

அவர் எழுந்திருக்காமலே சொன்னார். அவரும் அவர் கணவரும் தோட்டத்தில் வேலை குறைந்தபோது கோலாலம்பூருக்கு வந்து இரண்டு வருடம் கட்டட வேலை செய்திருக்கிறார்கள். வேலை நடக்கும் இடத்திலேயே தகரத்தில் கட்டிக்கொடுக்கும் கொங்சி வீட்டில் குடியிருப்பு. இந்தக் கட்டடத்தைப் பழுதுபார்த்தபோது பின்வாசல் படிகளுக்குச் சிமெண்டு குழைத்துக் கொடுத்தது இவர். பூசியது கணவர். மகள் தேவிக்கு மூன்று வயது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் கூடவே வருவாள். ஒரு சாயங்காலம், பூசி முடித்துக் கை கழுவப் போன நேரத்தில் ஒற்றைக் கால் வைத்துவிட்டாள். மேற்பார்வையாளர் சத்தம் போட்டார். கணவர் கரணையை எடுத்து மறுபடி தேய்க்கப் போனார். "நாளைக்குத் தேய்ச்சுக்கலாம், இருட்டிப் போச்சுன்னு நான்தான் சொன்னேன். மறுநாளு எறுகிப் போச்சு. பின்வாசல்தானேன்னு அவரும் விட்டுட்டாரு."

மூன்று மாதம் கழித்துக் காய்ச்சல். நாலு நாள்தான். தீபாவளிக்குப் புதுச் சட்டை போட்டுப் போட்டோ எடுக்கலாம் என்று இருந்தார்களாம்.

"அவ போட்டோ ஒண்ணும் எங்கிட்ட இல்ல, தங்கச்சி. மொகம்கூட இப்பல்லாம் சரியா வர மாட்டேங்குது. இது ஒண்ணுதான்."

அதற்குப் பிறகு அவர்கள் காப்பாருக்கே திரும்பிப் போய்விட்டார்கள். இரண்டு பையன்கள் பிறந்தார்கள். வேலை, வீடு, பள்ளிக்கூடம் என்று வருடங்கள் போயின. கோலாலம்பூருக்குத் தனியாக வந்து ஒரு பெரிய கட்டடத்தின் பின்வாசலில் நிற்க யார் விடுவார்கள் என்று நினைத்தே வரவில்லையாம். மாதர் குழு சுற்றுலாவில் இந்த இடமும் உண்டு என்று டீச்சர் வாசித்தபோது பெயர் கொடுத்தார்.

முதல் படியில் உட்கார்ந்தேன். காவலாளியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பெயர் ஹலிம். எல்லோரும் மரியாதையாகப் பாக் ஹலிம் என்பார்கள். இந்தப் படியில் தினம் ஏறி இறங்குகிறேன், மழைத்தண்ணீர் அரித்த குழி என்றுதான் நினைத்திருந்தேன் என்று சொல்லி, தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். அந்தப் பெண் வந்து கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு, உள்ளே ஒன்றும் வேண்டாம், மூன்றாவது படியை மட்டும் பார்க்க வேண்டும் என்றாளாம். வேறு யார் கேட்டாலும் முன்வாசலுக்குப் போகச் சொல்லியிருப்பேன், மூன்றாவது என்று எண்ணிச் சொன்னதால் திறந்துவிட்டேன் என்றார்.

சந்துக்குள் காலடிச் சத்தம். ஜோசப் அண்ணன் அந்தப் பெரிய பஸ்ஸை எந்தெந்தத் தெருவில் நுழைத்துக் கொண்டுவந்தாரோ, பத்து நிமிடத்தில் வந்துவிட்டார். முன்னால் கமலம் டீச்சர் வந்தார். அவர் முகத்தில் அஞ்சலைக்கும் எனக்குமாக ஒரு பெரிய திட்டு தயாராக இருந்தது. படி அருகே வந்தார். குனிந்து பார்த்தார். அஞ்சலை அக்காவின் கதை அவருக்கும் தெரியும் போலிருக்கிறது. மகள் ஒருத்தி இருந்தாள் என்ற அளவுக்காவது. தோளில் கிடந்த துண்டை எடுத்து, பாதத்தில் தேங்கியிருந்த தண்ணீரை ஒற்றி எடுத்தார். பிள்ளையைக் குளிப்பாட்டியபின் விரல் இடுக்கைத் துடைப்பதுபோலத் துடைத்தார்.

பிறகு அத்தனை பேரும் வந்தார்கள். சந்து கொள்ளவில்லை. வரிசையாக நின்று, ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். காலையில் கண்ணாடிப் பெட்டிகளைத் தாண்டி எவ்வளவு வேகமாக நடந்தவர்கள் என்பது எனக்குத்தானே தெரியும். யாரோ ஒருவர் தலையிலிருந்த மல்லிகையை எடுத்துப் படியில் வைத்தார். இன்னொருவர் பையிலிருந்து கற்பூரத்தை எடுத்தார். பாக் ஹலிம் சங்கடத்தோடு, நெருப்பு மட்டும் வேண்டாம், உள்ளே பழைய மரம் என்றார். சரி என்று கற்பூரம் பைக்குள் போனது. பூ இருக்கட்டும், மாலையில் நானே எடுக்கிறேன் என்று அவரே சொன்னார்.

எனக்கு அந்த யோசனை எப்படி வந்தது என்று தெரியவில்லை. அன்றைய பயணத் திட்டத் தாள் என் கையில் கசங்கிப்போய் இருந்தது. அதன் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. நல்ல வெயில், படி அதற்குள் காய்ந்துவிட்டது. தாளைப் பாதத்தின் மேல் வைத்து ஓரங்களை டீச்சரைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். டிக் போடும் பென்சிலை அவரிடமே வாங்கிப் படுக்க வைத்து மெதுவாகத் தேய்த்தேன். சின்ன வயதில் காசை வைத்துத் தேய்ப்போமே, அதேபோல. சுற்றிலும் கறுத்துக்கொண்டு வந்தது. நடுவில் ஒரு பாதம் வெள்ளையாக எழுந்தது. கட்டைவிரல் விலகியபடி.

அஞ்சலை அக்கா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அழவில்லை. சுற்றி நின்றவர்கள்தான் அழுதோம். ஜோசப் அண்ணன் சந்தின் சுவர்ப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார்.

அரண்மனைக்குப் போக முடியவில்லை. குதிரைக் காவலர்களோடு படம் எடுக்க முடியவில்லை என்று ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. சேலைக் கடைக்குப் போனோம், அதைக் குறைக்க முடியுமா. திரும்பும் வழியில் நான் மைக்கைத் தொடவில்லை. அஞ்சலை அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, காலையில் நான் அப்படி விரட்டியிருக்கக் கூடாது, நீங்களும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொன்னா எல்லாரும் என்னையே பாப்பாங்க. எல்லாரும் சந்தோசமா கெளம்பி வந்திருக்காங்க. ஓடிப் போய் பாத்துட்டு ஓடியாந்துரலாம்னுதான் நெனச்சேன். பாசி மூடிக்கிச்சு லா, தேடறதுக்கே நேரமாயிருச்சு" என்றார். காலையில் கேட்ட ஐந்து நிமிடத்தை நான் தராததைப் பற்றி அவர் அன்றும் குறை சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை அலுவலகத்தில் தொலைபேசி அடித்தபோது கழுத்து அட்டையைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டேன். கமலம் டீச்சர்தான். முதலாளி "ம், ம்" என்று கேட்டுவிட்டு வைத்தார். அடுத்த வருடமும் இதே பெண்ணைத்தான் அனுப்ப வேண்டும் என்று சொன்னாராம். ஆள் தொலைந்த கதை அந்த மாடிக்கு வந்து சேரவே இல்லை.

இத்தனை வருடம் கழித்து நினைத்தால் பயமோ வெட்கமோ முதலில் வருவதில்லை, நன்றிதான் வருகிறது. விரட்டியிருக்க வேண்டிய மனிதர் வாளியோடு வந்தார். புகார் சொல்லியிருக்க வேண்டியவர் துண்டோடு குனிந்தார். ஒருவழித் தெருக்களை எப்படிக் கடந்தேன் என்று ஜோசப் அண்ணன் கடைசிவரை சொல்லவில்லை. கேட்டால், "அன்னிக்கு எல்லா லைட்டும் பச்ச" என்பார்.

என் தொழிலும் அன்றோடு கொஞ்சம் மாறியது. துரைமார்களின் பெயர்களை விடவில்லை, அவை பாடத்திட்டத்தில் உண்டு. ஆனால் நம் ஆட்கள் ஏறும் பஸ் என்றால், கிளம்பும் முன் ஒரு கேள்வி கேட்பேன். இங்கே யாராவது முன்பே வந்திருக்கிறீர்களா, உங்கள் வீட்டில் யாராவது இந்த இடங்களில் வேலை செய்திருக்கிறார்களா? பின்னாலிருந்து ஒரு குரல் வரும். எங்கப்பா அந்த ஸ்டேஷன்ல சிக்னல் பாத்தாரு. எங்க அத்த அந்தத் திடல்ல புல்லு வெட்டுனாங்க. கிள்ளானிலிருந்து வந்த ஒருவர், பெரிய மியூசியத்தின் கூரையில் ஓடு மாற்றியதாகச் சொல்லி, வெளியே கூட்டிப்போய் எந்தப் பக்கம் என்று விரலால் காட்டினார். முப்பது பேர் அண்ணாந்து பார்த்தோம். என் ஒப்பிப்புக்கு இப்படி ஒருநாளும் யாரும் அண்ணாந்ததில்லை.

அஞ்சலை அக்கா அதற்குப் பிறகு வருடம் ஒருமுறை, தை மாதத்தில், கிள்ளான் வந்து பஸ் மாறித் தனியாகவே வருவார். பாக் ஹலிமுக்கு ஒரு பை நிறைய கெரோப்போக் என்ற மீன் அப்பளம் கொண்டுவருவார். அவர் கம்பிக் கதவைத் திறந்துவிட்டு, பிரஷ்ஷை வைத்துவிட்டு, முன்பக்கம் போய்விடுவார். நான் பயணிகளோடு அங்கே போகும்போதெல்லாம் வாசலில் என்னைப் பார்த்ததும் பாக் ஹலிம் சொல்வது ஒன்றுதான். "அடா லாகி." இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். வெள்ளைக்காரப் பயணிகள், என்ன சொல்கிறார் என்று கேட்பார்கள். வணக்கம் சொல்கிறார் என்று சொல்லிவிடுவேன். அந்தக் கதை என்னுடையது இல்லையே.

பிறகு ஒவ்வொன்றாகப் போனது. கைப்பேசியிலேயே எல்லாவற்றையும் பதிவு செய்துகொள்ளும் காலம் வந்ததும் எங்கள் மாடி அலுவலகம் மூடப்பட்டது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் ஜோசப் அண்ணனின் வீடு இருந்த வரிசை போய், அங்கே அண்ணாந்து பார்த்தாலும் உச்சி தெரியாத கட்டடங்கள் நிற்கின்றன. அவர் ஸ்ரீ கெம்பாங்கானில் மகள் வீட்டில் இருக்கிறார். பாக் ஹலிம் வேலை ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். சின்ன மியூசியத்தின் பொருள்களை வேறெங்கோ மாற்றிவிட்டு, கட்டடத்தைச் சுற்றி வேலி போட்டுவிட்டார்கள்.

ஆனால் அந்த வேலி வருவதற்கு முன்பே போய்விட்டது அந்தப் படி. ஒரு நாள் பயணிகளோடு போனபோது பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். ஐந்து படியும் இல்லை. அந்த இடத்தில் சக்கர நாற்காலி ஏறுவதற்கான சாய்தளம், இரண்டு பக்கமும் பளபளவென்று கைப்பிடி. புதுக் காவலாளியிடம் கேட்டேன். போன மாதம் உடைத்தார்கள் என்றார்.

யாரிடம் கோபப்படுவது என்று தெரியவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மகன் தன் அம்மாவை நாற்காலியில் வைத்து அதில் தள்ளிக்கொண்டு போனார். அந்த அம்மா கைப்பிடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார்.

இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். பிறகு காப்பாருக்குப் போன் செய்தேன். தை மாதம் வந்து அவரே பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட நான் சொல்வது மேல் என்று பட்டது. சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு மோட்டார்சைக்கிள் போவது மட்டும் கேட்டது. நான்தான் பொறுக்க முடியாமல், நல்லபடியாகத்தான் கட்டியிருக்கிறார்கள் அக்கா, நடக்க முடியாதவர்கள் ஏறிப் போகிறார்கள் என்றேன்.

"சரி, ஏறட்டும்" என்றார். பிறகு, "ஒடைச்சது யாரு? நம்ம ஆளுங்களா?" என்று கேட்டார்.

வங்காளதேசத்துப் பிள்ளைகள் என்று காவலாளி சொன்னதாகச் சொன்னேன்.

"பாவம், கஷ்டப்பட்டிருப்பாங்க" என்றார் அஞ்சலை அக்கா. "அது லேசுல ஒடையாது தங்கச்சி. நாங்க நல்லா போட்டிருந்தோம்."